புது முயல் வீட்டுக்கு வந்திருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பதினோரு வருடமாக முயல் இருக்கிறது. இப்போது இருப்பவை இரண்டு. சென்னையில் எங்கள் அடுக்ககத்திலோ சொந்தக்காரர்கள் வீட்டிலோ புதிதாக ஒரு முயல் வந்துவிட்டால், இரண்டாம் நாள் ராத்திரிக்குள் எனக்கு ஒரு போன் வந்துவிடும். கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் முதல் கேள்வியையும், "காலையிலிருந்து ஒண்ணுமே தின்னல" என்ற கேள்வியையும் இன்றைக்கே படித்துவிடுங்கள்.

"அக்கா, நேத்துதான் வாங்கிட்டு வந்தோம். மூலையிலயே உட்கார்ந்திருக்கு, நகரவே மாட்டேங்குது. உடம்பு சரியில்லையா?"

பெரும்பாலும் பயம்தான். நாய், பூனை, பருந்து, பாம்பு என்று எல்லாவற்றுக்கும் இரையாகிற பிராணி முயல். அசையாமல் இருந்தால் யார் கண்ணிலும் படமாட்டோம் என்பது அதன் ரத்தத்திலேயே ஊறியது. அப்படிப்பட்டதைப் பெட்டியில் அடைத்து, ஆட்டோவில் குலுக்கி, பழகாத வாசனை உள்ள வீட்டில் இறக்கிவிட்டிருக்கிறோம். முதல் மூன்று நாள் நீங்கள் செய்யவேண்டிய பெரிய உதவி, அதைத் தொடாமல் இருப்பது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளை அடுத்த வாரம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். டிவியும் மிக்ஸியும் இல்லாத அறையாகப் பாருங்கள். ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வாசல் வெட்டி வையுங்கள். ஒரே வாசல் இருந்தால் உள்ளே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அதற்குப் போகாது.

நீங்கள் கவனிக்கவேண்டியது இரண்டுதான்: தின்கிறதா, புழுக்கை போடுகிறதா. பகலெல்லாம் தொடாத புல்லை ராத்திரி விளக்கணைத்த பிறகு தின்னும். காலையில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை கிடந்தால் நிம்மதியாக இருங்கள். 12 மணி நேரமாக ஒன்றும் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் டாக்டரிடம் போகவேண்டும். இந்த 12 மணி நேரக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

"எத்தனை நாள்ல நம்மகிட்ட பழகும்?"

சிலது ஒரு வாரம், சிலது இரண்டு மாதம். கடையில் பலர் கையில் அடிபட்டு வந்தது அதிக நாள் எடுக்கும். நாம் போய்ப் பிடித்தால் பழகாது, அதுவாக வந்தால்தான் பழகும். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அதன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். புத்தகம் படியுங்கள், கீரை ஆய்ந்துகொண்டிருங்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒருநாள் வந்து உங்கள் காலை முகர்ந்துவிட்டு ஓடும். மறுநாள் மடியில் முன்னங்காலை வைக்கும். அப்போதும் பிடிக்காதீர்கள்.

முயலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னால் வருவதுகூடத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னே இருப்பது தெரியாது. அதனால் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினால் திடுக்கிடும், சில சமயம் கடிக்கும். பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய் நெற்றியில் மெல்லத் தடவுங்கள். பெரும்பாலான முயல்களுக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

"உள்ளங்கையில அடங்குற மாதிரி குட்டியா இருக்கு. இவ்வளவு சின்னதுல வாங்கலாமா?"

வாங்கியிருக்கக் கூடாது. குட்டி எட்டு வாரமாவது தாயோடு இருக்கவேண்டும். நான்கு வாரத்திலேயே பிரித்து விற்றால் வயிறு பழகியிருக்காது. கழிச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விடும் குட்டிகள் நிறைய. வாங்கியாகிவிட்டது என்றால், கடையில் என்ன தின்றதோ அதையே இரண்டு வாரம் கொடுங்கள். கூடவே காய்ந்த புல் எப்போதும் இருக்கட்டும். பச்சைக் கீரைக்கு அவசரப்படாதீர்கள். மூன்று மாதம் ஆனபின் ஒரு நேரத்தில் ஒரு வகை, ஒரு கொத்து என்று ஆரம்பியுங்கள்.

"கடைக்காரர் 'இது இவ்வளவுதான் வளரும்'னு சொன்னார். மூணே மாசத்துல ரெண்டு கிலோ ஆயிடுச்சே?"

தமிழ்நாட்டில் விற்கும் குட்டிகளில் பல, இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்க்கும் இனங்களிலிருந்து வருபவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்க்கும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ஆகியவை இப்படிப்பட்ட இனங்கள்தான். வெள்ளை ஜெயன்ட் வெள்ளை உடம்பும் சிவந்த கண்ணுமாகக் குட்டியில் பொம்மை போல இருக்கும், வளர்ந்தால் 4 கிலோவைத் தாண்டும். அதில் ஒரு குறையுமில்லை, குணத்தில் அவை சாதுவானவை. ஆனால் இடத்தை அந்தக் கணக்கில் ஒதுக்குங்கள். ஆயுளும் 8 முதல் 12 வருடம். பத்தாவது படிக்கும் மகள் கேட்டு வாங்கிய முயல், அவள் வேலைக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கும்.

"கடையில குடுத்த கம்பிக்கூண்டு போதும்ல?"

போதாது. கம்பித் தளத்தில் நின்று நின்று முயலின் குதிகாலில் முடி உதிர்ந்து புண்ணாகும். நாய், பூனைக்கு இருப்பதுபோல அதற்கு உள்ளங்காலில் மெத்தை கிடையாது. கூண்டைத் தூக்கிப் போட மனமில்லை என்றால் அடியில் சாக்கோ பழைய பருத்திப் போர்வையோ மடித்துப் போட்டு, கதவை எப்போதும் திறந்தே வையுங்கள். சுற்றிலும் நாலடிக்கு நாலடியாவது தடுப்பு வைத்து அதன் இடம் என்று ஆக்குங்கள். தினமும் மூன்று, நான்கு மணி நேரம் அறைக்குள் ஓடவிடுங்கள்.

டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால் அந்த இடத்தைத் தாண்டி வரவே பயப்படும். ஒரு கோரைப்பாய் விரித்தால் போதும். பாயைக் கொஞ்சம் கொறிக்கும், கொறிக்கட்டும். ஒயர்களைத்தான் தரையிலிருந்து தூக்கிக் கட்டவேண்டும். போன் சார்ஜர், டேபிள் ஃபேன் ஒயர் எல்லாம் அதற்கு வேர் மாதிரி. மின்சாரம் ஓடும் ஒயரைக் கடித்தால் உயிர் போகும்.

"முயலுக்குத் தண்ணி வெச்சா செத்துடும்னு எங்க பாட்டி சொல்றாங்களே?"

இந்த நம்பிக்கைக்கு நம் ஊரில் எத்தனை முயல்கள் பலியாகியிருக்கும் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது. நாள் முழுக்க ஈரமான பச்சைப்புல்லையே தின்கிற முயல் தண்ணீர் குறைவாகக் குடிக்கும். அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் அப்படிச் சொல்லியிருக்கவேண்டும். காய்ந்த புல்லும், கடையில் விற்கும் குச்சித் தீவனமான பெல்லட்டும் தின்கிற வீட்டு முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 150 மில்லி வரை ஒரு நாளைக்கு வேண்டும். சென்னை வெயிலில் இன்னும் கூடும். கவிழாத கனமான மண்சட்டியில் வையுங்கள். நிப்பிள் பாட்டிலைவிடக் கிண்ணத்தில்தான் நன்றாகக் குடிக்கும்.

"கேரட்டும் முட்டைக்கோசும்தானே சாப்பாடு? அப்புறம் ஏன் புல்லு புல்லுன்னு சொல்றீங்க?"

முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டும் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை மணிக்கணக்காக அரைத்தால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும், இல்லாவிட்டால் கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். குடலும் நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் நகரும். அதனால் அது தின்பதில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கவேண்டும். புல்லுக்கு அளவே கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் முன்னால் கிடக்கவேண்டும்.

கேரட் அதற்கு மிட்டாய். கட்டைவிரல் நுனி அளவு, வாரத்துக்கு இரண்டு தடவை போதும். முட்டைக்கோஸ் வாயு பிடிக்கும், தவிர்த்துவிடுங்கள். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட்டின் மேல்தழை, வெந்தயக்கீரை, துளசி, செம்பருத்தி இலை இவற்றை மாற்றி மாற்றி இரண்டு கைப்பிடி கொடுக்கலாம். கீரை பூச்சிமருந்தோடு வரும், ஊறவைத்து நன்றாக அலசுங்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சோறு, இட்லி, பிரெட், பிஸ்கட், சாக்லேட் எதுவும் வேண்டாம். வீட்டில் அரளி, மணி பிளான்ட், கற்றாழை இருந்தால் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

பெல்லட் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், அதற்கு மேல் தேவையில்லை. கிண்ணம் நிறைய பெல்லட் இருந்தால் எந்த முயலும் புல்லைத் திரும்பிப் பார்க்காது.

"பாக்கெட் ஹே ரொம்ப விலை. வைக்கோல் போடலாமா? அருகம்புல்?"

வைக்கோல் படுக்கைக்குச் சரி, சாப்பாட்டுக்கு ஆகாது. நெல் எடுத்தபின் மிஞ்சும் தாளில் சத்து மிகக் குறைவு. அருகம்புல் மிக நல்லது. பிள்ளையார் கோவில் வாசலிலும் மார்க்கெட்டிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அலசி, நிழலில் உலர்த்தி, மொறமொறவென்று ஆனதும் துணிப்பையில் கட்டிவைத்தால் அதுவே ஹே. நான் பாதி பாக்கெட்டில் வரும் திமோத்தி என்ற புல்லின் ஹே, பாதி நானே உலர்த்திய அருகம்புல் என்று ஓட்டுகிறேன். பூஞ்சை வாசனை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். தெருவோரம், நாய் சிறுநீர் கழிக்கும் இடம், மருந்து அடித்த புல்வெளி இங்கெல்லாம் பறிக்காதீர்கள்.

குதிரைமசால் என்ற தீவனப்பயிர் ஆறு மாத வயது வரை நல்லது. வளர்ந்த முயலுக்கு அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் கல்லாகச் சேரும்.

"அதோட கழிவை அதுவே தின்னுது. அருவருப்பா இருக்கு, தடுக்கணுமா?"

தடுக்காதீர்கள். முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். ஒன்று நாம் பார்க்கும் காய்ந்த புழுக்கை. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று பளபளப்பாக இருக்கும், அதைத்தான் ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்துத் தின்னும். புல் முதல் தடவையில் முழுதாகச் செரிக்காது. மாடு அசைபோடுகிற வேலையை முயல் இப்படிச் செய்துகொள்கிறது. அந்தக் கொத்துகள் தின்னப்படாமல் தரையில் நிறையக் கிடந்தால் பெல்லட்டோ பழமோ அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

"சிவப்பா ஒண்ணுக்குப் போயிருக்கு. ரத்தமா?"

தின்னும் இலைகளில் உள்ள நிறமிகளால் முயலின் சிறுநீர் வெளிர் மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை மாறும். முழுதும் ஒரே நிறமாக இருந்து ஓரிரு நாளில் மாறினால் பயமில்லை. மஞ்சள் சிறுநீருக்கு நடுவே சிவப்புத் திட்டாக இருந்தாலோ, முக்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பெண் முயலாக இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். காரணம் கருத்தடைக் கேள்வியில் வருகிறது.

"ஒரே இடத்துல போகப் பழக்க முடியுமா?"

முடியும், பூனைக்குச் சமமாகப் பழகும். அதுவே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்திருக்கும். அந்த மூலையில் அகலமான பிளாஸ்டிக் தட்டு வைத்து, செய்தித்தாள் கிழித்துப் போட்டு, அதன் மேல் ஒரு பக்கம் புல் வையுங்கள். முயல் தின்றுகொண்டே கழிக்கும். சிறுநீர் பட்ட காகிதத்தையும் பத்துப் புழுக்கையையும் அதற்குள் போட்டுவைத்தால் இடம் புரிந்துவிடும். பூனைக்கு விற்கும் கட்டியாகும் மணல் வேண்டாம், தின்றால் குடலில் அடைக்கும். தேவதாரு, பைன் மரத்தூளும் வேண்டாம். வளர்ந்த பிறகு திடீரென்று வீடெங்கும் சிறுநீர் தெளித்தால் அது பருவம் வந்ததன் அடையாளம்.

"நாத்தம் அடிக்குது, குளிப்பாட்டலாமா?"

கூடாது. அதிர்ச்சியிலேயே இறந்துவிடக்கூடும், அடர்ந்த முடி காயாமல் உடம்பும் சில்லிட்டுவிடும். முயல் நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். நாற்றம் தட்டிலிருந்து வரும், தட்டைக் கழுவுங்கள்.

"காதைப் பிடிச்சுத்தானே தூக்கணும்? சந்தையில அப்படித்தானே தூக்குறாங்க?"

காது நரம்பும் ரத்தக்குழாயும் நிறைந்த மெல்லிய உறுப்பு. அதில் முழு எடையும் தொங்கினால் எவ்வளவு வலிக்கும் என்று யோசியுங்கள். சந்தையில் முயல் கத்தாமல் தொங்குவது வலிக்காததால் இல்லை, பயத்தில் விறைத்துப்போவதால். மல்லாக்கப் படுக்கவைத்தால் 'தூங்கிவிடுகிறது' என்று காட்டும் வீடியோக்களும் இதே கதைதான்.

ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். பின்னங்கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது. அதன் எலும்பு லேசானது, பின்னங்கால் தசை பலமானது. துள்ளி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். குழந்தைகள் தூக்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்தால் மடிக்கு அதுவே வரும்.

"திடீர்னு பின்னங்காலால தரையை அடிக்குது. பல்லையும் கடிக்குது. கோவமா?"

தரையை அடிப்பது எச்சரிக்கை. நமக்குக் கேட்காத ஏதோ ஒரு சத்தம் அதற்குக் கேட்டிருக்கும். தடவும்போது மெல்லிதாகப் பல் உரசினால் சுகமாக இருக்கிறது என்று பொருள். மூலையில் குறுகி உட்கார்ந்து சத்தமாக நறநறவென்று கடித்தால் வலி. நாற்காலிக் காலில் முகவாயைத் தேய்த்தால் 'இது என்னுடையது' என்கிறது. ஓடுகிற ஓட்டத்தில் அந்தரத்தில் எகிறி உடம்பை முறுக்கிக் குதித்தால், அன்றைக்கு உங்கள் முயல் உங்கள் வீட்டை ஏற்றுக்கொண்டது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன்.

"ஏப்ரல், மே வெயிலை எப்படித் தாங்கும்?"

தாங்காது. நம் வீட்டு முயல்களின் மூதாதை ஐரோப்பாவின் தென்மேற்கில், குளிர்ந்த மண்வளைக்குள் வாழ்ந்தது. முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது, சூட்டை வெளியேற்றப் பெரும்பாலும் காதுதான் வழி. அறை 28 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். வியர்க்காத உடம்புக்கு மின்விசிறி மட்டும் போதாது. பால்கனியிலும் மொட்டை மாடித் தகரக் கொட்டகையிலும் விடவே கூடாது.

வீட்டிலேயே குளிர்ச்சியான தரை எதுவோ அங்கே வையுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதில் சாய்ந்து படுக்கும். மூன்று பாட்டில் வைத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே இருங்கள், மின்வெட்டிலும் கைகொடுக்கும். பழைய மண் ஓடு, சுடுமண் தட்டு இவற்றை நனைத்து வைக்கலாம். மத்தியானம் ஈர விரல்களால் காதைத் தடவிவிடுங்கள். ஏசி இருந்தால் 25, 26 டிகிரி போதும், காற்று நேராக மேலே படவேண்டாம்.

வாயைத் திறந்து மூச்சுவிடுவது, எச்சில் வழிவது, காது கொதிப்பது, துவண்டு கிடப்பது இவை வெப்பத்தாக்கின் அடையாளங்கள். சாதாரணத் தண்ணீரால் காதை நனைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

"தீபாவளிக்கு என்ன பண்றது?"

ஜன்னல் குறைந்த உள்ளறை, கனமான திரை, முதல் கேள்வியில் சொன்ன இரண்டு வாசல் பெட்டி. வெடி ஆரம்பிப்பதற்கு முன்பே அங்கே பழக்கிவிடுங்கள். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருங்கள். பயத்தில் சாப்பாட்டை நிறுத்தும் என்பதால் அன்றும் மறுநாளும் 12 மணி நேரக் கணக்கைக் கறாராகப் பாருங்கள். போகிப் புகைக்கும் இதே ஏற்பாடுதான்.

"தனியா இருக்கே, பாவம். ஜோடி வாங்கிடலாமா?"

முயல் கூட்டமாக வாழும் பிராணி, துணை நல்லதுதான். ஆனால் ஆணும் பெண்ணுமாக வாங்கி அப்படியே விட்டால் 30 நாளில் குட்டி, குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை. இரண்டு ஆண் என்றால் பருவம் வந்ததும் ரத்தம் வரச் சண்டை. முதலில் கருத்தடை, பிறகு துணை. புதிதாக வருவதை முதலில் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்து, வாசனை பழகியபின் இருவருக்கும் சொந்தமில்லாத அறையில் சந்திக்க வையுங்கள். எங்கள் இரண்டுக்கும் ஐந்து வாரம் ஆனது.

"கருத்தடை இவ்வளவு சின்ன உயிருக்குத் தேவையா?"

பெண் முயலுக்கு மிகவும் தேவை. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வரும். சிறுநீரில் ரத்தம் என்றால் தள்ளிப்போடாதீர்கள் என்றது இதனால்தான். ஆணுக்கு நான்கு, ஐந்து மாதத்திலும் பெண்ணுக்கு ஆறு மாத வாக்கிலும் செய்யலாம். ஆண் முயல் அறுவைக்குப் பிறகும் சில வாரம் சினைப்படுத்தும், அதுவரை பிரித்தே வையுங்கள்.

முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகிய டாக்டராக இருக்கவேண்டும், நேராகவே கேளுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாய்க்குச் சொல்வதுபோல 'ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கள்' என்று யாராவது சொன்னால் ஏனென்று கேளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதற்குப் பட்டினிதான் ஆபத்து.

"பையனைக் கடிச்சிடுச்சு. நாய்க்கடி ஊசி போடணுமா?"

உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் முயலிடமிருந்து வெறிநோய் வருவது மிக மிக அரிது. ஆனாலும் டாக்டரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்டு, அவர் சொல்வதைச் செய்யுங்கள். முயலைச் சமீபத்தில் தெருநாயோ பூனையோ கீறிக் கடித்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

"சொறி பிடிச்சிருக்கு. நாய்க்கு வாங்கின மருந்து வீட்ல இருக்கு, போடலாமா?"

போடாதீர்கள். நாய் உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் முயலைக் கொல்லும். நமக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் மாத்திரை வாய்வழி போனால் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, அதுவும் உயிரை எடுக்கும். மூக்கு நுனியிலும் காதோரத்திலும் பொருக்குத் தட்டும் சொறி நம் ஊரில் சகஜம், டாக்டர் எடை பார்த்துக் கொடுக்கும் மருந்தில் நன்றாகக் குணமாகும்.

"காலையிலிருந்து ஒண்ணுமே தின்னல. ஞாயித்துக்கிழமை. நாளைக்குப் பார்க்கலாமா?"

நாளை வரை விடாதீர்கள். தின்பது நின்றால் குடல் நகர்வது நிற்கும், வாயு சேரும், வலியில் இன்னும் தின்னாது. ஒரு நாளில் முடிந்துவிடும். என் முதல் முயல் பஞ்சுவை அப்படித்தான் இழந்தேன். பொங்கலன்று அரிந்த முட்டைக்கோஸ் தழையும் ஒரு உருண்டைச் சோறும் ஆசையாகக் கொடுத்தேன். மறுநாள் காலை மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது, தூங்குகிறது என்று நினைத்தேன். சாயங்காலமும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாள் விடிந்ததும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகும் வழியில், என் மடியிலேயே போய்விட்டது. முயல் நோயைக் கடைசி வரை மறைக்கும், பலவீனத்தைக் காட்டினால் முதல் இரை தான்தான் என்று அதற்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. நீங்கள் கேட்கும்போது என் குரல் கொஞ்சம் பதறினால் அதற்குக் காரணம் இதுதான்.

அதனால் முயல் பார்க்கும் இரண்டு டாக்டர்களின் எண்ணை இன்றே வாங்கி வையுங்கள், ஒருவராவது விடுமுறையில் பார்ப்பவராக இருக்கட்டும். போகும் வழியில் உடம்பு சில்லென்று இருந்தால் துணி சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். வயிறு மேளம் போல் உப்பியிருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது, புதிதாக என்ன கொடுத்தீர்கள், இந்த மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"எங்களால வளர்க்க முடியல. காட்டுப் பக்கம் விட்டுட்டா பிழைச்சுக்காதா?"

பிழைக்காது. நம் ஊர்ப் புதர்க்காட்டில் ஓடும் முயல் வேறு இனம். அதன் குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், நிறமும் மண்ணோடு கலந்திருக்கும். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். நம் வெள்ளை முயல் அங்கே ஒரு ராத்திரிகூடத் தாண்டாது. பூங்காவிலோ கோவில் நந்தவனத்திலோ விட்டாலும் தெருநாய்க்குத்தான் போகும்.

கொடுத்துவிடத்தான் வேண்டும் என்றால் தெரிந்த வீடாக, இறைச்சிக்கு வாங்காதவராகப் பாருங்கள். ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். முயலோடு அதன் பெட்டி, தண்ணீர்ச் சட்டி, இரண்டு வாரத்துக்கான அதே புல், அதே பெல்லட் எல்லாம் போகட்டும். அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் கொடுங்கள். அந்த வீட்டில் முதல் ராத்திரி அதற்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.